இடது கை சர்வீஸ்

ஓசூரில் கம்பெனி வாலிபால் குழுவின் செயலாளராக இருக்கும் மகனுக்கு, ஆவடியிலிருந்து அப்பா எழுதுவது. உடம்பு, மழை, தண்ணீர் லாரி ஆகியவற்றைப் பற்றி உன் அம்மா தனியாக எழுதுவாள். நான் உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை வந்த அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். லீகில் முதல் நான்கு ஆட்டங்களிலும் தோற்றிருக்கிறீர்கள். நான்காவது தோல்விக்கு மறுநாள் உன் மேல் நிர்வாகத்துக்கு மொட்டைக் கடிதம் போயிருக்கிறது. உன் அறைத் தோழனை இறக்குவதற்காக நல்ல ஆட்டக்காரன் ஒருவனை பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறாய் என்று அதில் எழுதியிருக்கிறதாம். இத்தனை விஷத்தோடு எழுத யாரால் முடியும், அந்த ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று என்னிடம் கேட்டிருக்கிறாய். சரியான இடத்தில்தான் கேட்டிருக்கிறாய். ஏன் சரியான இடம் என்பது உனக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்குத்தான் இத்தனை தாள்.

முதலில் ஒன்று. நீ நிரபராதி என்று நான் எடுத்த எடுப்பில் நம்பிவிடவில்லை. அந்த அறைத் தோழனைப் பற்றிப் போன தீபாவளிக்கு வந்தபோது அரை மணி நேரம் பேசினாய். நல்ல பையன், நன்றாகச் சமைப்பான், காலையில் எழுப்பிவிடுவான் என்றெல்லாம் சொன்னாய். நன்றாக ஆடுவான் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அது அப்போதே என் காதில் தட்டுப்பட்டது. ஆகையால் இந்தக் கடிதம் உன்னைத் தேற்றுவதற்காக எழுதப்படுகிறது என்று நினைத்துக்கொள்ளாதே.

ஆளைக் கண்டுபிடிக்கும் வழி சுலபம். உன்னைப் பிடிக்காதவர்கள் என்று நீ போட்டு வைத்திருக்கும் பட்டியலைக் கிழித்துப் போடு. அவர்களுக்கு வேறு வேலை இருக்கும். ஆட்டம் பார்க்க வராதவன் பெட்டிஷன் போட மாட்டான். தூறல் விழுந்தாலும் எழுந்து போகாதவன், குழு தோற்ற அன்று வீட்டில் சரியாகச் சாப்பிடாதவன், தன் பிள்ளைகளின் பிறந்த நாளைவிட ஆட்டக்காரர்களின் பனியன் நம்பரை நன்றாக நினைவு வைத்திருப்பவன், அத்தோடு தன் எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் கர்வமும் உள்ளவன், அவனைப் பார். எண்பதுகளின் கடைசியில் ஆவடி குவார்ட்டர்ஸில் அப்படி ஒருவன் இருந்தான். அவன் உன் அப்பா.

தண்ணீர்த் தொட்டிக்கும் ரேஷன் கடைக்கும் நடுவில் இருந்த வாலிபால் கோர்ட் உனக்கு நினைவிருக்கும். அதன் மேற்கு ஓரத்தில் ஆள் உயரச் சிமெண்ட் குழாய்கள் ஏழெட்டு கிடந்தன. சாக்கடை போடுவதற்காக லாரியில் வந்து இறங்கியவை. நீ பிறப்பதற்கு முன்னால் வந்தன; நீ கல்லூரிக்குப் போகிறவரை மண்ணுக்குள் போகவில்லை. எங்களுக்குச் சாக்கடை கிடைக்காவிட்டாலும் காலரி கிடைத்தது. சாயங்காலம் தொழிற்சாலைச் சங்கு ஊதி அரை மணியில் குழாய்கள் நிரம்பிவிடும். வெயில் முதுகில் விழும், கோர்ட் முழுவதும் கண்ணுக்குத் தெரியும், தீர்ப்புச் சொல்ல அதைவிட வசதியான இடம் கிடையாது. குழாயில் முதல் குரல் வெல்டர் முனிரத்தினத்துடையது. இரண்டாவது குரல் என்னுடையது. அவன் சத்தமாகச் சொல்வதை நான் இலக்கணமாகச் சொல்வேன். டிராயிங் ஆபீஸ்காரன் என்பதால் என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும்; குவார்ட்டர்ஸில் யாருக்கு விண்ணப்பம் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். இதனால் ஒரு மனிதனுக்குத் தலையில் என்ன ஏறும் என்பதை நீயே யோசித்துக்கொள்.

எங்கள் தொழிற்சாலைக் குழுவின் உயிர் ஏழுமலை. வெள்ளானூர்க்காரன். அவன் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் முதல் மாதச் சம்பளக்காரன் அவன்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுத்திருந்தார்கள். இரண்டு வருஷம் தகுதிகாண் காலம். அந்த இரண்டு வருஷமும் தொழிற்சாலைக்காக ஆட வேண்டும், அதற்குப் பிறகு வேலையை உறுதி செய்வார்கள். அவன் எழும்பினால் வலைக்கு மேலே மார்பு தெரியும். அவன் அடித்த பந்து எதிர்ப்பக்கம் தரையில் விழும் சத்தத்துக்கு ரேஷன் வரிசை திரும்பிப் பார்க்கும். முந்தின வருஷம் கோப்பையை வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். அந்தக் கோப்பை உண்மையில் எங்களுடையது என்பது குழாயின் கருத்து.

அடுத்த வருஷ லீக் தொடங்கியபோது ஏழுமலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் இடத்தில் துரைப்பாண்டி என்ற புது ஆள். நல்ல உயரம். உயரத்தைத் தவிர வேறொன்றும் அவனிடம் எங்களுக்குத் தென்படவில்லை. கைக்கு வந்த பந்தெல்லாம் வழுக்கிக்கொண்டு போனதால் இரண்டாவது ஆட்டத்திலேயே முனிரத்தினம் அவனுக்கு அல்வா என்று பெயர் வைத்துவிட்டான். அந்தப் பெயரில் ஊரும் இருந்தது. துரைப்பாண்டி திருநெல்வேலிப் பக்கம். குழுவின் செயலாளர் செல்வராஜும் திருநெல்வேலிப் பக்கம். இதற்கு மேல் எங்களுக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. நம் குவார்ட்டர்ஸ் எப்படிப்பட்ட இடம் என்று உனக்குத் தெரியும். பிளாக்குக்கு ஒரு ஜில்லா. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி குடத்தை முன்னால் நகர்த்தினால்கூட அவள் எந்தப் பக்கத்துக்காரி என்று விசாரித்துவிட்டுத்தான் கோபப்படுவார்கள். போதாக்குறைக்கு செல்வராஜ் பேசாத மனிதர். ஸ்டோர்ஸில் சூப்பர்வைசர். சட்டைப் பையில் விசில் வைத்திருப்பார், அதையும் மெதுவாகத்தான் ஊதுவார். பேசாதவர்களைப் பற்றிக் குழாயில் நல்ல அபிப்பிராயம் இருந்ததே இல்லை.

முதல் நான்கு ஆட்டத்திலும் தோற்றோம். உங்கள் கணக்கேதான். ஆனால் தோல்வியைவிட எங்களை எரிய வைத்தது வேறொன்று. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரே ஒரு முறை செல்வராஜ் கையைக் காட்டுவார். ஏழுமலை பெஞ்சிலிருந்து எழுந்து உள்ளே போவான். பந்தை வாங்குவான். பள்ளிக்கூடப் பெண்கள் போடுவது போலக் கீழேயிருந்து, அதுவும் இடது கையால், ஒரு சர்வீஸ் போடுவான். அந்தப் பாயிண்ட் முடிந்ததும் அவனை வெளியே எடுத்துவிடுவார்கள். ஆட்டத்துக்கு ஒரு சர்வீஸ். வலது கையால் வானத்திலிருந்து அடிக்கிறவனை இடது கையால் தரையிலிருந்து போட வைப்பது அவமானப்படுத்துவதற்கு என்று நான் விளக்கம் சொன்னேன். முனிரத்தினம் அதை ஒத்துக்கொண்டான். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் ஏழுமலை ஒரு பந்தைக்கூட அடிக்காமல் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருப்பதையும் பார்த்தோம். அவன் அடிப்பதை நாங்கள் பார்த்துவிட்டால் கலாட்டா செய்வோம் என்று செயலாளர் தடுத்து வைத்திருக்கிறார் என்றேன். அதையும் ஒத்துக்கொண்டார்கள். ஒரு கம்பவுண்டரை அழைத்து வந்து அந்தக் குழாய்மேல் உட்கார வைத்திருந்தால் ஒரே பார்வையில் விஷயத்தைச் சொல்லியிருப்பார். நாங்கள் கம்பவுண்டர்கள் இல்லை, ரசிகர்கள்.

அவனையே கேட்டிருக்கலாமே என்று நீ நினைப்பாய். கேட்டோம். மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் முனிரத்தினம் அவன் சைக்கிளை மறித்து நிறுத்தினான்.

"இன்னா மாமே, உன்னிய கொலு பொம்ம மாரி உக்கார வச்சிகினு கீறாரு, நீயும் உக்காந்துகினு கீற?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான். ரெஸ்ட்ல கீறேன்."

"யாரு சொன்னா ரெஸ்ட்டு?"

"உடு மச்சான், ஊட்டுக்குப் போவணும்."

இவ்வளவுதான். அவன் போன பிறகு, பாவம், பயப்படுகிறான் என்று முடிவு செய்தோம். ஒருவன் சொன்ன பதில் நமக்குத் தோதாக இல்லையென்றால் அவன் பயப்படுகிறான் என்று வைத்துக்கொள்வது வசதி. இந்த வசதியை உன் ஊரிலும் பலர் பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள்.

நான்காவது தோல்விக்குப் பிறகு பெட்டிஷன் எழுத உட்கார்ந்தேன். மொட்டைக் கடிதம் என்பது எங்கள் தொழிற்சாலையில் கெட்ட பழக்கமாகக் கருதப்படவில்லை. புகார்ப் பெட்டி இருந்தது. அதில் கையெழுத்தோடு போடுகிறவனைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அதற்கென்று ஒரு முறை உண்டு. இடது கையால் எழுத வேண்டும். கடைசியில் உண்மை விரும்பி என்றோ நலம் நாடுபவன் என்றோ போட வேண்டும். அதற்குக் கீழே, நகல்: டெல்லி என்று எழுத வேண்டும். டெல்லிக்கு நகல் அனுப்ப வேண்டியதில்லை. எழுதினாலே போதும், விசாரணை வந்துவிடும். என் கையெழுத்து ஊருக்கே தெரிந்தது என்பதால் மூன்று சாயங்காலம் உன் கட்டுரை நோட்டின் கடைசிப் பக்கங்களில் இடது கையால் எழுதிப் பழகினேன். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, வலது கையில அடிகிடி பட்டுடுச்சா?" என்று கேட்டாள். இல்லை, சும்மாதான் என்றேன். இடது கையைப் பயன்படுத்தும் ஒருவனைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் தோன்றிய கேள்வி அது. நான்கு ஆட்டம் பார்த்த எனக்கு அது ஒரு தடவையும் தோன்றவில்லை. இதை நான் கவனித்தது பிற்பாடுதான்.

பெட்டிஷன் நன்றாக வந்திருந்தது. அதை நான் இப்போதும் சொல்வேன். ஊர்ப் பாசத்தால் குழு அழிகிறது, சிறந்த ஆட்டக்காரன் ஆட்டத்துக்கு ஒரு சர்வீஸ் போட வைத்து அவமதிக்கப்படுகிறான், ஏழுமலை ஏன் ஆடவில்லை என்பதை மேலதிகாரிகள் நேரில் விசாரித்து அறிய வேண்டும் என்று எழுதியிருந்தேன். நடுவில் ஓர் உவமை. எரிகிற விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, உலை கொதிக்கவில்லை என்று அரிசியைத் திட்டுவது போல, என்று ஆரம்பிக்கும் வாக்கியம். அந்த வரியை எழுதிவிட்டு எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அந்த அளவுக்குத் திருப்தி.

நான் கேட்டது அப்படியே கிடைத்தது. அரசாங்கத்தில் அப்படிக் கிடைப்பது அபூர்வம். ஏழுமலை ஏன் ஆடவில்லை என்று நேரில் விசாரித்தார்கள். செல்வராஜை அழைத்துக் கேட்டார்கள். ஆட்டம் சரியில்லை, அடுத்த மாதம் சரியாகிவிடும் என்று அவர் மழுப்பியிருக்கிறார். விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவனுக்கு ஆட்டம் சரியில்லை என்றால் எப்படி என்று விசாரணை அதிகாரி கேட்டு, ஏழுமலையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே டாக்டர் அவன் வலது கையைக் காது வரை தூக்கச் சொன்னார். தோளுக்கு மேலே கை போகவில்லை. ஐப்பசி மழையில், வழுக்குகிற கோர்ட்டில் பயிற்சி செய்தபோது விழுந்து தோள் நைந்துபோயிருந்தது. அது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஏழுமலைக்கும் செல்வராஜுக்கும்.

இப்போது அந்த ஒற்றைச் சர்வீஸின் அர்த்தம் உனக்குப் புரிந்திருக்கும். நீயும் செயலாளர்தானே. ஒருவன் ஒரு பாயிண்டுக்கு உள்ளே வந்தாலும் ஆட்டத் தாளில் அவன் பெயர் ஏறும். பெயர் ஏறினால் அவன் தொழிற்சாலைக்காக ஆடினான் என்று பொருள். தகுதிகாண் காலம் முடிய ஐந்து மாதம் பாக்கி இருந்தது. அந்த ஐந்து மாதமும் ஆட்டத்துக்கு ஒரு சர்வீஸ் போட்டிருந்தால் வேலை உறுதியாகியிருக்கும். உறுதியான பிறகு தோளைக் காட்டினால் லேசான வேலை கொடுப்பார்களே தவிர வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். இதற்காக செல்வராஜ் நான்கு தோல்வியையும், எங்கள் கூச்சலையும், அல்வாவையும் வாயைத் திறக்காமல் தாங்கிக்கொண்டிருந்தார். துரைப்பாண்டி அவருக்கு உறவும் இல்லை, தெரிந்தவனும் இல்லை. அந்த உயரத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்களிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கலாமே என்று நான் வெகு நாள் அவர் மேலேயே குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். குழாயில் ஒருவனிடம் சொன்னால் மறுநாள் காலை பால் பூத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். சொல்ல முடியாத இடத்தில் அவர் இருந்தார், நம்ப முடியாத இடத்தில் நாங்கள் இருந்தோம். நடுவில் இருபதடி தூரம்தான்.

இரண்டு வாரத்தில் ஏழுமலைக்கு உத்தரவு வந்தது. தகுதிகாண் காலத்திலேயே பணி முடிக்கப்படுகிறது என்று நான்கு வரி. செல்வராஜின் செயலாளர் பதவியும் போயிற்று. புதுச் செயலாளர் வந்தார், எந்தப் பக்கத்துக்காரர் என்றே சொல்ல முடியாத நடுநிலையான மனிதர். அவர் காலத்தில் குழு இன்னும் தெளிவாகத் தோற்றது.

உத்தரவு வந்த இரண்டாம் நாள் சாயங்காலம் ஏழுமலை நம் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு கொயர் வெள்ளைத்தாள். நாற்காலியில் உட்காரவில்லை, வாசற்படியோரம் நின்றபடியே பேசினான்.

"அண்ணாத்தே, எவனோ ஒரு பேமானி என்னிய பத்தி மொட்ட கடுதாசி போட்டுட்டான். வேல பூட்ச்சி."

நான் உட்காரச் சொன்னேன்.

"நீ தான் அப்பீல் எழுதித் தரணும். உன்ன மாரி எழுதற கை இந்த குவார்ட்டர்ஸ்லயே கெடியாது. நீ எழுதினா நிக்கும்."

உன் அம்மா அவனுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை இடது கையால் வாங்கிக்கொண்டான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடியைத் தேடும் சாக்கில் சமையலறைக்குள் போனேன். பின்னாலேயே வந்தாள். குரலை உயர்த்தவில்லை. "எழுதிக் குடுங்க. இந்தத் தடவ வலது கையால," என்றாள். அதற்கு மேல் அன்றும் சரி, பிறகும் சரி, அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அப்பீல் எழுதினேன். நான் வரவழைத்த விசாரணை தவறு என்று, நான் வாங்கிக் கொடுத்த உத்தரவு கருணையற்றது என்று, நானே நான்கு பக்கம் வாதாடினேன். பெட்டிஷனைவிட நன்றாக வந்தது. ஏழுமலையைப் படித்துப் பார்க்கச் சொன்னேன். அவன் மூன்றாம் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் போன பிறகு நானும் ஒரு முறை படித்தேன், நான் துடைத்துக்கொண்டது வேறு காரணத்துக்காக.

அதில் ஒரு காரியம் செய்திருந்தேன். ஒரு நல்ல உவமையை ஒரே ஒரு முறை பயன்படுத்திவிட்டு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. இன்னும் ஐந்து மாதத்தில் கொதித்திருக்க வேண்டிய உலை என்று தொடங்கி, விறகை இழுத்துப் போட்டுவிட்டு அரிசியைத் திட்டும் வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றி அப்பீலிலும் சேர்த்திருந்தேன். எழுதும்போது அது பழைய வரி என்ற உணர்வே இல்லை. இந்தத் தவறை எழுதத் தெரியாதவன் செய்ய மாட்டான்.

பயிற்சியின்போது நடந்த விபத்து என்பதால் அப்பீலில் பழைய செயலாளர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஷிப்ட் முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் செல்வராஜைப் பிடித்தேன். சைக்கிள் சீட்டின் மேல் தாள்களை வைத்து, நின்றபடியே நிதானமாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் அவர் கண் நின்றது. அங்கேயே சற்று நேரம் இருந்தது. மொட்டைப் பெட்டிஷனை விசாரணையில் அவர் முன்னால் வைத்துத்தான் வரிக்கு வரி கேள்வி கேட்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. "நல்லா எழுதியிருக்கிய அண்ணாச்சி," என்றார். "அந்த அடுப்பு வரிய மட்டும் எடுத்துருங்க. மேல உள்ளவங்க அத ஏற்கெனவே ஒருக்க படிச்சிட்டாங்க."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். தாள்களை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். நான் அந்தப் பக்கத்தை மட்டும் அன்றே திருப்பி எழுதினேன். அப்பீலுக்குப் பதில் வந்தது, மறுபடி நான்கு வரி, மறுபடி இல்லை என்று. செல்வராஜ் ஓய்வுபெற்று ஊருக்குப் போகிறவரை தினமும் கேட்டில் எனக்கு வணக்கம் சொன்னார். அதில் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. என்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

ஏழுமலை திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ரப்பர் யூனிட்டில் சேர்ந்தான். சேர்த்துவிட்டது செல்வராஜ் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான். அவன் நம் வீட்டுக்கு வருவதும் பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவருவதும் உனக்குத் தெரியும். ஏழுமலை மாமாவுக்கு நம்மேல் ஏன் இத்தனை பிரியம் என்று நீ ஒரு முறை கேட்டாய், நான் செய்தித்தாளைத் திருப்பினேன். அந்த அப்பீலின் நகலை அவன் ரேஷன் கார்டோடு வைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறான். வேலை கிடைக்கவில்லை, ஆனால் என்னா எழுத்து என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வான். பன்னிரண்டு வருஷமாகச் சொல்கிறான்.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில் இது. எழுதியவனைத் தேடாதே. தேடினால் கிடைப்பான், கிடைத்தால் அவன் உங்கள் குழுவை உன்னைவிட நேசிப்பவனாக இருப்பான், அதற்குப் பிறகு அவனை என்ன செய்வது என்று உனக்குத் தெரியாது. செல்வராஜுக்குத் தெரிந்திருந்தது, நீ இன்னும் அந்த வயதுக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக அந்தக் கடிதத்தில் இருப்பதை எடுத்து, அது உண்மையா என்று நீயே உன்னை விசாரித்துக்கொள். சமைக்கத் தெரிந்ததற்காக ஒருவனை ஆட்டத்தில் இறக்கியிருந்தால் நாளைக்கே வெளியே எடு. உட்கார வைத்திருப்பவனுடைய வலி எதையாவது நீ மறைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தால், நான்கல்ல, பத்து ஆட்டம் தோற்றாலும் வாயைத் திறக்காதே. இரண்டில் எது என்று என்னிடம் சொல்ல வேண்டாம். நீ எதைச் சொன்னாலும் நான் சந்தேகப்படுவேன்.

இன்னொன்று. ஏழுமலையின் மகள் பள்ளியில் வாலிபால் ஆடுகிறாள். கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்கப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து விண்ணப்பம் எழுதிக்கொடு, நீ எழுதினால்தான் நிற்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். மறுபடியும் அதே ஒதுக்கீடு, அதே குடும்பம், அதே பேனா. செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்திராவிட்டால் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் எழுதிக் கொடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டு வந்திருப்பேன். இப்போது முடியாது போலிருக்கிறது. இந்தக் கடிதத்தை வெள்ளானூருக்குக் கொண்டுபோய் அவனுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பதாக இருக்கிறேன். அவனைப் பற்றி நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. இது உன் கைக்கு வந்தால், படித்துவிட்டேன் என்று அர்த்தம். உடம்பையும் மழையையும் விசாரித்து மட்டும் ஒரு கார்டு வந்தால், உன் அப்பாவைப் பற்றி என்ன நினைக்க வேண்டுமோ அதை நினைத்துக்கொள்.

ஞாயிறு மாலை.

படித்தேன். வெள்ளானூரில் அவன் வீட்டைச் சுற்றி இப்போது மனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். உள்ளே அவனும் அவன் மகளும் இருந்தார்கள். அவளை வெளியே போகச் சொல்லலாமா என்று கேட்டேன். எதற்கு, அவளும் கேட்கட்டும் என்றான். பேமானி என்ற வார்த்தையை நான் படித்தபோது அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் குனியவில்லை. கடைசி வரை கேட்டான்.

முடித்துத் தாள்களை அடுக்கி வைத்தேன். பிறகு, "அந்த அடுப்பு வரி இன்னாது, இன்னொரு தபா படி," என்றான்.

படித்தேன்.

"நல்லாத்தான் கீது," என்றான். அப்புறம், "செல்வராஜ் அண்ணனுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"அண்ணிக்கு?"

தெரியும்.

"அப்ப நான் ஒருத்தன் தான் தெரியாம கரும்பு தூக்கிகினு வந்துகினு இருந்தேன்."

என் முன்னால் இருந்த விண்ணப்பத் தாளை இடது கையால் எடுத்து மகளிடம் கொடுத்தான். "நீயே எழுது பாப்பா. எய்த்து முன்ன பின்ன இருந்தாலும் பரவால்ல." அவள் பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். நான் எழுந்தேன். இந்தக் கடிதத்தின் மேல் கையை வைத்தான்.

"இது இங்க இருக்கட்டும். கீய கையெழுத்து போட்டுக் குட்துட்டுப் போ."

போட்டுக் கொடுத்தேன். முழுப் பெயர், தகப்பனார் பெயரின் முதல் எழுத்தோடு. அவன் அதை ரேஷன் கார்டோடு வைத்தானா, வேறு எங்கே வைத்தான் என்று பார்க்கவில்லை. வழக்கமாக பஸ் நிறுத்தம் வரை வருவான். இன்று வரவில்லை.

உனக்கு வருவது வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதிய நகல். இதில் கையெழுத்து இருக்காது. யார் எழுதியது என்று விசாரித்துக்கொண்டிருக்காதே.